வெள்ளை மாளிகையில் வாய் மூடியவர்கள்!



நான்காண்டுக்கு ஒருமுறை அமெரிக்காவில் தேர்தல் வரும்போதெல்லாம் நம் கடைத்தெருவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. ஜவுளிக்கடைப் படியில் உட்கார்ந்தாலும் சரி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி, "யாரு வந்தா நமக்கு நல்லது ஹஜ்ரத்?" என்று கேட்டுவிடுகிறார்கள். தகப்பன் புஷ்ஷா, கிளிண்டனா என்று 1992ல் நம் பெரியவர்கள் கேட்டார்கள். மகன் புஷ்ஷா, அல் கோரா என்று 2000ல் கேட்டார்கள். 2008ல் ஒபாமா வந்தபோது அவர் பெயரின் நடுவே இருந்த ஹுசைனைப் பிடித்துக்கொண்டு பூரித்துப் போனவர்களும் உண்டு.

கேட்பதில் தவறில்லை. வளைகுடாவில் பிள்ளையை வைத்திருக்கும் தகப்பனுக்கும், டாலர் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சரக்கு எடுக்கும் வியாபாரிக்கும் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது வேடிக்கைப் பேச்சல்ல. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்ததைத் தொடர்ந்து சுமார் 1,70,000 இந்தியர்கள் ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பினார்கள். அப்போது நான் சிறுவன். எங்கள் தெருவுக்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். பதினோரு வருடச் சம்பாத்தியம் ஒரு தோள்பையில் அடங்கியிருந்தது. அந்தப் பையை அவர் வாசல் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது.

ஆனால் கேள்வி கொஞ்சம் குறுகலாக இருக்கிறது. நாம் அந்த ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த முகத்தைச் சுற்றி ஒரு மேசை இருக்கிறது. மேசையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். வெளியே ஒரு நாடாளுமன்றம், நீதிமன்றம், பத்திரிகைகள் இருக்கின்றன. அத்தனை பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. அதைக் கேட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெயர் ஆர்தர் ஷ்லெசிங்கர். 1917ல் பிறந்து 2007ல் மறைந்த அமெரிக்க வரலாற்றாசிரியர். தகப்பனாருக்கும் அதே பெயர், அதே தொழில். இருவருமே ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். மகன் ஷ்லெசிங்கர் நூலகத்தோடு நிற்கவில்லை. 1961ல் ஜான் கென்னடி அதிபரானபோது அவருடைய சிறப்பு உதவியாளராக வெள்ளை மாளிகைக்கு உள்ளேயே போய்விட்டார். அதிகாரத்தைப் பற்றி அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர் அதிகாரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பார்த்தார். பார்த்ததை எழுதினார். தான் சறுக்கியதையும் சேர்த்தே எழுதினார். அவரை நான் தேர்ந்தெடுக்க அதுவே காரணம்.

மதரஸாவில் எங்கள் உஸ்தாத் ஒன்று சொல்வார்: செய்தியைக் கேட்கும் முன் செய்தி கொண்டு வந்தவன் யார், அவன் எங்கே நின்றிருந்தான், எதைப் பார்த்தான், எதை மறைப்பான் என்று விசாரி. ஹதீஸ் கலைக்குச் சொன்ன பாடம் சரித்திரத்துக்கும் பொருந்தும். ஷ்லெசிங்கரையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும். அவர் கென்னடிக்கு வேண்டியவர், ஜனநாயகக் கட்சிக்காரர். முப்பது வயதுக்குள் அவருக்குப் புகழும் புலிட்சர் பரிசும் தேடித்தந்த நூல், ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற பழைய அதிபரின் காலத்தைப் பற்றியது. அந்த ஜாக்சன்தான் 1830ல் பூர்வகுடிகளைச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். அதன் விளைவாக 1838ல் செரோக்கி மக்களை மேற்கே விரட்டியபோது வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணக்கு. ஷ்லெசிங்கரின் தடித்த புத்தகத்தில் இந்த மக்களுக்கு இடம் கிடைக்கவில்லை! பின்னாளில் ஹோவர்ட் ஜின் என்ற இன்னொரு வரலாற்றாசிரியர் அதைச் சுட்டிக்காட்டினார். ஆக, நாம் கேட்கப்போகும் சாட்சி குற்றமற்ற சாட்சி அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1961 ஏப்ரல். கென்னடி பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு திட்டம் முந்தைய அதிபர் ஐசனோவர் காலத்திலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தது. கியூபாவிலிருந்து ஓடிவந்தவர்களில் சுமார் 1,400 பேரை சி.ஐ.ஏ. உளவு நிறுவனம் குவாத்தமாலாவில் வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தது. இவர்களைக் கியூபாவின் தெற்குக் கரையில் பன்றிகள் விரிகுடா என்ற இடத்தில் இறக்கிவிடுவது. மக்கள் எழுச்சி கொண்டு இவர்களோடு சேர்ந்துகொள்வார்கள் என்று நம்புவது. அமெரிக்காவுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று உலகத்துக்குச் சொல்லிவிடுவது. இதுதான் திட்டம். 1953ல் ஈரானில் முஸத்திக்கின் அரசையும், 1954ல் குவாத்தமாலாவில் அர்பென்ஸின் அரசையும் இப்படி மறைவில் நின்று கவிழ்த்த துணிச்சல் அவர்களுக்கு இருந்தது.

ஷ்லெசிங்கருக்கு இந்தத் திட்டம் உடன்பாடில்லை. வேண்டாம் என்று அதிபருக்குக் குறிப்புகள் எழுதினார். ஆனால் ராணுவத் தளபதிகளும் உளவுத்துறைத் தலைவரும் அமைச்சர்களும் கூடியிருந்த ஆலோசனைக் கூட்டங்களில்? வாயைத் திறக்கவில்லை. ஓரிரு சின்னச் சந்தேகங்களைக் கேட்டதோடு சரி. பெரிய பெரிய பதவிக்காரர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கப்பல் கணக்கும் விமானக் கணக்கும் சொல்லும்போது, ஒரு கல்லூரி வாத்தியார் எழுந்து இது தர்மமா, இது நடக்கிற காரியமா என்று கேட்பது எடுபடாது என்று அவருக்குப் பட்டது. அந்த அறையில் துணிந்து எதிர்த்துப் பேசியவர் செனட்டர் ஃபுல்பிரைட். அவர் அரசாங்கத்தைச் சேர்ந்தவரே அல்ல. வெளியிலிருந்து அழைக்கப்பட்டு வந்தவர்! அவர் பேசி முடித்த பிறகும் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திட்டத்துக்குத் தலையாட்டினார்கள்.

பிறகு ஒரு விருந்தில் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி ஷ்லெசிங்கரைத் தனியே அழைத்துப் பேசினார். அதிபர் முடிவெடுத்துவிட்டார், இனி நீங்கள் நினைப்பது சரியோ தவறோ, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், எல்லாரும் அவருக்கு உதவ வேண்டிய நேரம் இது என்ற பொருளில் சொன்னார். இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதா? எனக்கு இருந்தது.

அதே நாட்களில் நடந்த இன்னொன்றுதான் இன்னும் வேதனை. எதிர்த்தவர் ஒதுங்கி நின்றாரா? இல்லை, உள்ளே இறங்கி வேலையும் செய்தார்! பயிற்சி முகாமைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகை கட்டுரை தயாரித்து, அதை முன்கூட்டியே இவரிடம் காட்டியது. அது அதிபருக்குப் போனது, வெளியிடாமல் இருந்தால் நல்லது என்று சொல்லப்பட்டது, பத்திரிகையும் நிறுத்திக்கொண்டது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் தன் நிருபர் கொண்டுவந்த செய்தியின் கூரை மழுக்கியே வெளியிட்டது. ஏப்ரல் 10ஆம் தேதி ஷ்லெசிங்கர் கென்னடிக்கு எழுதிய ஒரு குறிப்பு பிற்காலத்தில் அரசாங்க ஆவணத் தொகுப்பிலேயே வெளிவந்தது. பொய் சொல்ல வேண்டி வந்தால் அதைக் கீழ்மட்ட அதிகாரிகள் சொல்லட்டும், அதிபரின் வாயிலிருந்து வரவேண்டாம் என்பது அதில் உள்ள யோசனை. சரித்திரம் எழுத வந்தவர் எழுதிய யோசனை, சகோதரர்களே!

ஏப்ரல் 17ல் படகுகள் கரை தொட்டன. மூன்றே நாளில் கதை முடிந்தது. வந்தவர்களில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஏறத்தாழ 1,200 பேர் பிடிபட்டார்கள். 1962 டிசம்பரில் 5 கோடியே 30 லட்சம் டாலர் பெறுமான உணவும் மருந்தும் கொடுத்துத்தான் அவர்களை மீட்க முடிந்தது. தாக்குதல் நடந்த நேரத்தில் அதன் அளவைப் பற்றி நியூயார்க் டைம்ஸுக்குத் தான் பொய் சொன்னதாக 1965ல் ஷ்லெசிங்கரே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு வெளிவந்த, கென்னடி ஆட்சியைப் பற்றிய தன் நூலில், அந்தக் கூட்டங்களில் மௌனமாக இருந்ததற்காகத் தன்னைத்தானே கடுமையாக நொந்துகொண்டதை எழுதினார். எதிர்த்திருந்தாலும் தொல்லைக்காரன் என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும் என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

இன்னும் ஒரு விசித்திரம். இந்தத் தோல்விக்கு நானே பொறுப்பு என்று கென்னடி நாட்டுக்கு அறிவித்ததும், கேலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 83 சதவீதமாக உயர்ந்தது! நீங்கள் இன்னும் கொஞ்சம் அச்சிட்டிருந்தால் ஒரு பெரிய தவறிலிருந்து எங்களைக் காப்பாற்றியிருப்பீர்கள் என்று அதே கென்னடி டைம்ஸ் ஆசிரியரிடம் பிறகு சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ரஷ்ய ஏவுகணைகள் கியூபாவில் இருப்பது தெரிந்து உலகமே அணுகுண்டுப் போரின் வாசலில் நின்றபோது, கென்னடி மஷூராவின் முறையை மாற்றினார். தன் முன்னால் பேசத் தயங்குவார்கள் என்று சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வராமல் இருந்தார். தளபதிகள் குண்டு போடு என்றார்கள். மற்றவர்கள் மறுத்து வாதாடினார்கள். பதின்மூன்று நாள் கழித்து உலகம் பிழைத்தது.

பிறரைப் பற்றியே பேசிக்கொண்டு போவது எளிது. நானும் ஓர் இயக்கத்தில் இருபது வருடமாக அலைகிறவன். ஒரு கூட்டத்தில் கடையடைப்புக்கு நாள் குறித்தார்கள். அது மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. தள்ளுவண்டிக்காரனும் தையல்காரனும் அன்றைய வருமானத்தை நம்பித்தான் வீட்டு வாடகையை வைத்திருப்பான் என்பது எனக்குத் தெரியும். பொறுப்பாளர் மனதில் முடிவு செய்துவிட்டார் என்று பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார். நான் தேநீரைக் குடித்துவிட்டுக் கை தூக்கினேன். ஷ்லெசிங்கரின் அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு அந்தத் தேநீர்க் கோப்பைதான் நினைவுக்கு வந்தது.

இனி விஷயத்தின் வேருக்கு வருவோம். அமெரிக்க அரசியல் சட்டத்தில் போர் அறிவிக்கும் அதிகாரம் அதிபருக்கு இல்லை. காங்கிரஸுக்குத்தான் இருக்கிறது. (அங்கே நாடாளுமன்றத்துக்குப் பெயர் காங்கிரஸ், நம்மூர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதிபர் படைகளுக்குத் தலைமைத் தளபதி, அவ்வளவுதான். இங்கிலாந்து மன்னர்கள் நினைத்த நேரத்தில் போருக்குக் கிளம்பி மக்களை வரியில் மூழ்கடித்ததைக் கண்டவர்கள் எழுதிய சட்டம் அது. அவர்கள் முறைப்படி போர் அறிவித்தது 1812, 1846, 1898 ஆகிய ஆண்டுப் போர்களிலும் இரண்டு உலகப் போர்களிலும் மட்டுமே. கடைசி அறிவிப்பு 1942 ஜூனில். அப்படியானால் கொரியா? வியட்நாம்? இராக்? ஆப்கானிஸ்தான்? ஒன்றுகூட போர் அறிவித்து நடந்த போர் அல்ல!

1950 ஜூனில் ட்ரூமன் கொரியாவுக்குப் படை அனுப்பியபோது காங்கிரஸிடம் அனுமதி கேட்கவே இல்லை. ஐ.நா. சார்பில் நடக்கும் போலீஸ் நடவடிக்கை என்றார். அந்தப் 'போலீஸ் நடவடிக்கை'யில் செத்த அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டும் 36,000 பேருக்கு மேல். கொரிய மக்கள் லட்சக்கணக்கில். அதிபர் வரம்பு மீறிவிட்டார் என்று செனட்டர் டாஃப்ட் 1951 ஜனவரியில் முழங்கினார். டாஃப்ட் குடியரசுக் கட்சிக்காரர், பழமைவாதி. அவருக்கு மறுப்பாக, அதிபருக்கு அந்த அதிகாரம் உண்டு, முன்னுதாரணங்கள் ஏராளம் என்று பத்திரிகைக்கு எழுதியவர் யார் தெரியுமா? நம் ஷ்லெசிங்கர்! நாற்காலியில் இருப்பவர் நம் ஆள், நல்லவர், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக நிற்கிறார். எனவே சட்டம் கொஞ்சம் வளைந்தால் என்ன? இருபது வருடம் கழித்து அதே வளைந்த வழியில் நிக்சன் நடந்து வந்தபோதுதான் தான் திறந்துவிட்ட கதவு எது என்று அவருக்குப் புரிந்தது. அதையும் எழுத்தில் ஒப்புக்கொண்டார். டாஃப்ட் சொன்னதில் சரக்கு இருந்தது என்று எழுத ஒரு வரலாற்றாசிரியருக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இந்தக் கொரியப் போருக்குள்ளேயே இருக்கிறது. 1952 ஏப்ரலில் எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நெருங்கியது. போருக்கு எஃகு வேண்டும் என்று சொல்லி ட்ரூமன் தனியார் எஃகு ஆலைகளை அரசுக் கைவசம் எடுத்துக்கொண்டார். ஆலைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒன்பது நீதிபதிகளும் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். ஆனாலும் ஜூன் மாதம் 6-3 என்று அதிபருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ட்ரூமனே அமர்த்திய இருவர் அவருக்கு எதிராகக் கையெழுத்திட்டார்கள். ட்ரூமன் ஆத்திரப்பட்டார், ஆனால் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். பதவி கொடுத்தவனுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதும் கை எல்லாக் காலத்திலும் கிடைக்காது.

ஷ்லெசிங்கரின் தகப்பனார் 1948ல் ஒரு புது வேலை செய்தார். வரலாற்றாசிரியர்களிடம் கேட்டு, இதுவரை இருந்த அதிபர்களில் யார் பெரியவர் என்று தரவரிசைப் பட்டியல் போட்டார். மகன் 1996ல் அதே மாதிரி ஒரு பட்டியல் போட்டார். இரண்டிலும் முதல் மூன்று இடம் லிங்கன், வாஷிங்டன், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூவருக்கே. மூன்று பேரும் போரோடு சேர்ந்த பெயர்கள். ஒருவர் படை நடத்தி நாட்டை உண்டாக்கியவர். மற்ற இருவர் பெரும்போர்க் கால அதிபர்கள். அமைதியாக ஆண்டவனைச் சரித்திரம் மறந்துவிடுகிறது. இது அந்த நாற்காலியில் அமரும் ஒவ்வொருவருக்கும் தெரியும் என்பதுதான் ஆபத்து.

லிங்கனையே பாருங்கள். 1847-48ல் அவர் ஒரு சாதாரண காங்கிரஸ் உறுப்பினர். மெக்சிகோ மீது அதிபர் போல்க் நடத்திய போரை எதிர்த்தார். அமெரிக்க மண்ணில் ரத்தம் சிந்தப்பட்டது என்கிறீர்களே, அந்த இடத்தைக் காட்டுங்கள் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ஆபத்து வரும் என்று அதிபர் நினைத்தாலே பக்கத்து நாட்டுக்குள் படை நுழைக்கலாம் என்று ஒருமுறை விட்டுவிட்டால், பிறகு இஷ்டத்துக்குப் போர் செய்வதை எப்படித் தடுப்பீர்கள் என்று தன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதே லிங்கன் அதிபராகி, 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, காங்கிரஸ் கூடுவதற்கு முன்பே படை திரட்டினார், துறைமுகங்களை முற்றுகையிட்டார், காரணம் காட்டாமல் யாரையும் சிறைவைக்க முடியாது என்ற பாதுகாப்பை நிறுத்திவைத்தார். அடிமை முறையை ஒழித்த போர் அது என்பதால் நம் மனம் லிங்கனை மன்னிக்கிறது; என் மனமும்தான். ஆனால் அவருக்குப் பின் வந்த ஒவ்வொருவரும் தன்னை லிங்கன் என்றல்லவா நினைத்துக்கொண்டார்கள்!

ரூஸ்வெல்ட்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1942 பிப்ரவரி 19ல் அவர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பேரில் மேற்குக் கரையோரம் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீட்டையும் கடையையும் வயலையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இருவர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். செய்த குற்றம்? முகம்! 1944ல் உச்ச நீதிமன்றமும் 6-3 என்று அதற்குச் சம்மதம் கொடுத்தது. 1988ல்தான் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் வந்தது. முகாமுக்குப் போன முதியவர்களில் எத்தனை பேர் அதைக் கையில் வாங்க இருந்திருப்பார்கள்? 2018ல் அதே உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று அறிவித்தது. எந்த வழக்கில் தெரியுமா? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் மீது ட்ரம்ப் 2017ல் கொண்டுவந்த பயணத் தடையின் திருத்திய வடிவம் செல்லும் என்று 5-4ல் தீர்ப்பளித்த வழக்கில்! பழைய பாவத்துக்குத் தவ்பா செய்த அதே தாளில் புதிய கணக்கைத் தொடங்கினார்கள்.

வியட்நாமை நீட்டி எழுத இடமில்லை. ஆனால் ஒரு மனிதரை மறக்கக்கூடாது. 1961ல் அந்த அறையில் துணிந்து பேசினாரே செனட்டர் ஃபுல்பிரைட், அவரை. 1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாகச் சொல்லி அதிபர் ஜான்சன் காங்கிரஸிடம் வந்தார். அந்த இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிறகு வெளியானது. தேவையான நடவடிக்கை எல்லாம் எடுக்க அதிபருக்கு அதிகாரம் என்ற தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-0, செனட்டில் 88-2. செனட்டில் அதை முன்னின்று நிறைவேற்றிக் கொடுத்தவர் ஃபுல்பிரைட்! ஜான்சன் பழைய நண்பர், தேர்தல் நேரம், சொல்லை நம்பினார். வருந்தினார் பிற்பாடு, 1966ல் பகிரங்க விசாரணை நடத்திப் போரை நாட்டின் முன் கேள்விக்குள்ளாக்கினார். எதிர்த்து வாக்களித்த அந்த இருவர், ஓரிகனின் மோர்ஸும் அலாஸ்காவின் க்ரூனிங்கும், 1968 தேர்தலில் பதவி இழந்தார்கள். போர் முடியும்போது மாண்ட அமெரிக்கர்கள் 58,000க்கு மேல். வியட்நாமியர் கணக்கை எழுத அந்தச் சுவரில் இடம் ஒதுக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஷ்லெசிங்கர் 1973ல் 'தி இம்பீரியல் பிரசிடென்சி' என்ற நூலை எழுதினார். குடியரசுத் தலைவர் பதவி சக்கரவர்த்தி பதவியாகிவிட்டது என்பது அதன் சாரம். வெளிநாட்டு ஆபத்தைக் காட்டி வாங்கிய அதிகாரம் உள்நாட்டில் எதிர்க்கட்சி மீதும் பாயும் என்றார். அது நிக்சன் காலத்தில் கண்முன்னே நடந்தது. கம்போடியா மீது 1969 முதல் ரகசியமாகக் குண்டு போட்டவரின் ஆட்கள்தான் 1972ல் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். 'ரகசியம்' என்ற முத்திரை எதிரிக்கு மறைக்க வந்தது; சொந்த மக்களுக்கு மறைக்கப் பயன்பட்டது. அந்த நூலில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு: அதிபர்கள் பறித்துக்கொண்ட அளவுக்குக் காங்கிரஸும் விட்டுக்கொடுத்தது என்கிறார். போருக்குக் கை தூக்கினால் ரத்தத்துக்குப் பொறுப்பு, எதிர்த்தால் தேசத்துரோகி. எனவே அதிபரே முடிவெடுக்கட்டும், வென்றால் கைதட்டலாம், தோற்றால் திட்டலாம்!

1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். நீதிமன்றம் 8-0 என்று ஒலிநாடாக்களைக் கொடு என்றது, கொடுத்தார், வீழ்ந்தார். 1973லேயே அவருடைய மறுப்பையும் மீறிப் போர் அதிகாரச் சட்டம் வந்திருந்தது. படை அனுப்பினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்குச் சொல்ல வேண்டும், 60 நாளில் அனுமதி வாங்க வேண்டும். நல்ல சட்டம்தானே என்று தோன்றும். அறுபது நாளில் எத்தனை ஊர் சாம்பலாகும் என்று யோசியுங்கள்.

1991ல் இராக் மீது போர் தொடுக்கச் செனட் அனுமதித்தது 52-47 என்ற நூலிழையில். அதற்குள் சுமார் ஐந்து லட்சம் துருப்புகள் பாலைவனத்தில் இறங்கியாகிவிட்டது. அந்த அனுமதிகூட எனக்குத் தேவையில்லை என்ற தொனியில் 1992ல் பேசினார் தகப்பன் புஷ். 2001 செப்டம்பர் 14ல் மகன் புஷ்ஷுக்குப் படை அதிகாரம் கொடுத்தபோது செனட்டில் 98-0, பிரதிநிதிகள் சபையில் 420-1. அந்த ஒன்று பார்பரா லீ என்ற கறுப்பினப் பெண்மணி. கொலை மிரட்டல் வந்து போலீஸ் காவலோடு நடமாடினார். அன்று கொடுத்த அந்த ஒரே தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு புஷ், ஒபாமா, ட்ரம்ப், பைடன் என்று நான்கு அதிபர்கள் பல நாடுகளில் குண்டு வீசினார்கள். யாரு வந்தா நமக்கு நல்லது என்கிறீர்களே, நால்வரில் இரு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

2003 மார்ச்சில் இராக்கின் மீது படை பாய்ந்தபோது ஷ்லெசிங்கருக்கு 85 வயது. இம்முறை அவர் வாய் மூடவில்லை. முந்திக்கொண்டு தாக்குவது என்ற புஷ்ஷின் கொள்கை, 1941ல் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் செய்ததற்கு ஒப்பானது, இன்று அந்த இழிவில் நிற்பவர்கள் அமெரிக்கர்களாகிய நாமே என்ற பொருளில் பத்திரிகையில் எழுதினார். லிங்கனின் 1848 கடிதத்தை எடுத்து மறுபடி மறுபடி நீட்டினார். யாரும் கேட்கவில்லை. பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவும் இல்லை. பாக்தாத் எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கண் மூடினார்.

அவர் போனபின் வந்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 1ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று சொன்னது: அதிபர் தன் பதவியின் மூல அதிகாரங்களைக் கொண்டு செய்த காரியங்களுக்கு அவர் மீது குற்ற வழக்கே போட முடியாது, மற்ற அலுவல் காரியங்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதிபர் செய்தால் அது சட்டவிரோதமாகாது என்று நிக்சன் 1977ல் தொலைக்காட்சியில் சொன்னபோது உலகமே சிரித்தது.

2025 ஜூனில் ஈரானின் மூன்று அணு நிலையங்கள் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. காங்கிரஸில் ஒரு வாக்கெடுப்பும் அதற்கு முன் நடக்கவில்லை. வீசிய பிறகு, இனி அனுமதியின்றிப் போர் கூடாது என்று செனட்டில் கொண்டுவந்த தீர்மானம் 47-53ல் தோற்றது. அதிபரின் கட்சியிலிருந்து ஒருவர் தீர்மானத்துக்கு ஆதரவாக வந்தார். எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் அதிபர் பக்கம் போனார்.

அந்த வாரம் ஒரு மளிகைக்கடையில் உட்கார்ந்திருந்தேன். துபையில் மகன் இருக்கும் முதலாளி, கல்லாவில் இருந்தபடியே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அந்த ஐம்பத்து மூணு பேர் யார் யாருன்னு தெரியுமா அண்ணே?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். நாலு பேருக்கு மேல் எனக்கும் தெரியவில்லை.